ஏலே சவரி, ஆளு!

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிரியாணிக் கடையில் இடமே இல்லை. மூன்று இளவட்டங்கள் உட்கார்ந்திருந்த மேசையில் நாலாவது ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டேன். தண்ணீர் ஜக்கில் செல்போனைச் சாய்த்து வைத்து ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டு ஆட்டமோ, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பேச்சு பிடிபட்டது. சின்ன டீமில் ராஜா மாதிரி ஆடிக்கொண்டிருந்த ஒரு மிட்ஃபீல்டர் இந்த வருஷம் பெரிய டீமுக்குப் போயிருக்கிறான். போன இடத்தில் திணறுகிறான். ஏன் திணறுகிறான் என்பதுதான் வழக்கு.

"ஸ்பீடு பத்தல ப்ரோ. அம்புட்டுத்தான்."

"கோச்சு அவன வேற எடத்துல ஆட வைக்கிறான்டா. அவன் என்ன செய்வான் பாவம்?"

"ரெண்டும் இல்ல. பய பயந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடப் பாவிகளா, இதே வழக்கை நாங்கள் ஒரு வருஷம் முழுக்கப் பேசியிருக்கிறோமே! அதுவும் செல்போன் இல்லாமல், டிவி இல்லாமல், ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல்.

அதற்குள் தயிர் வெங்காயம் வந்தது. வெங்காய வாசனை பட்டால் போதும், எனக்கு இருபது வயசு வந்துவிடும். அப்போது நான் திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் ஒரு கமிஷன் கடையில் எடை போடும் வேலையில் இருந்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. சாயங்காலம் கடை சாத்தியதும் நேரே பிச்சை அண்ணன் சலூனுக்குப் போவேன். வாசலில் கால் வைக்கும்போதே, "ஏலே, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வா. கண்ணு எரியுது" என்பார். அவருடைய படிகாரமும் பவுடரும் என் வெங்காயமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அது நல்ல வாசனை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

சலூனில் நிரந்தரமாக இருப்பவர்கள் நாங்கள் மூன்று பேர். பிச்சை அண்ணன், நான், அப்புறம் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த ரஹீம் பாய். மூன்று பேருக்கும் ஃபுட்பால் பைத்தியம். நான் ஆடவும் செய்திருக்கிறேன். ஒரே ஒரு ஆட்டம், கோல் கீப்பராக. அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

எங்கள் வழக்கின் நாயகன் சவரிமுத்து. அவன் அப்பா சித்தையன்கோட்டைப் பக்கம் வெங்காயம் போடுகிறவர். வண்டியில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து அவரோடு எங்கள் கடைக்கு வருவான் சவரி. மூட்டை தூக்குவதில் அப்படி ஒரு சோம்பேறி. பந்து காலுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். தலையைக் குனிந்தபடியே நடு மைதானத்தில் நிற்பான், பின்னால் எவனாவது பாய்ந்து வருவான், கடைசி நொடியில் சவரி இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்புவான். வந்தவன் புழுதியில் கிடப்பான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "முதுகுலயும் கண்ணு இருக்குடா இவனுக்கு" என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன், வெங்காயம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம்.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேலரி கிடையாது, வேலி கிடையாது. சுண்ணாம்புக் கோட்டைப் போட்ட மறு நிமிஷம் ஜனம் அதன் மேல் கால் விரலை வைத்து நிற்கும். நின்றுகொண்டு சும்மா இருக்குமா? பின்னால் எதிராளி வந்தால் "ஆளு!" யாரும் இல்லையென்றால் "காலி!" அதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பார்க்க வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான். பிச்சை அண்ணன் நடுக்கோட்டுக்கு நேராக நிற்பார். அந்த இடத்தில் வேறு எவனும் நிற்க முடியாது. "ஏலே சவரி, ஆளு!" என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் ரோட்டில் போகிற சைக்கிள்காரன் காலை ஊன்றிவிடுவான்.

சவரியைச் சென்னையில் ஒரு பெரிய டீம் எடுத்துக்கொண்டது. முதல் சீசன் முடியும்வரை பார்ப்பார்கள். தேறினால் வேலையோடு வைத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் பழையபடி வெங்காய மூட்டை. நாங்கள் ரயிலேற்றிவிட்டு வந்து சலூனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தோம்.

ரஹீம் பாய் தோல் விற்கச் சென்னைப் பெரியமேட்டுக்குப் போவார். ஸ்டேடியம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். முதல் தடவை வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன பாய்?"

"பந்து வருதுப்பா. கால்ல அழகா நிக்கிது. எவனாச்சும் பின்னாடி வந்து புடுங்கிட்டுப் போயிர்றான். பய பேந்தப் பேந்த முழிக்கிறான்."

அன்றைக்கு ஆரம்பித்தது வாக்குவாதம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பிச்சை அண்ணன். "ஒரு கை சோத்துக்குக் கூட நல்ல வெஞ்சனம் இல்லாத ஊருல பய என்னத்தத் தின்னு என்னத்த ஆடுவான்?" கோச் தப்பான இடத்தில் நிறுத்துகிறான் என்றார் பாய். நான் புல் கட்சி. நம்ம ஊர்க் கட்டாந்தரையில் பந்து ஓடும், அங்கே புல்லில் பந்து நின்றுவிடும், அதுதான் காரணம் என்று அடித்துப் பேசினேன். புல்லில் அதுவரை மாடு மேய்வதை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன் என்பது வேறு விஷயம். ஒரு நாள் சண்டை முற்றி, பிச்சை அண்ணன் கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசியதில், பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர் "நான் அப்புறமா வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த தடவை சவரிக்கென்று பாய் கையில் சிறுமலை வாழைப்பழம் கொடுத்துவிட்டோம். "பழம் நல்லா இருந்துச்சு, ஆட்டந்தான் சரியில்ல" என்று பதில் வந்தது. சீசன் முடிய இரண்டே ஆட்டம் இருந்தபோது பிச்சை அண்ணன் பொறுக்கமாட்டாமல், "நேர்ல போயிப் பாப்பம்டா" என்றார். போனோம்.

ரயிலிலேயே ஒரு தீர்மானம் போட்டோம். கத்தக் கூடாது. "அங்க வாயத் தொறந்தா பட்டிக்காட்டான்னுருவாய்ங்க. சவரிக்குத்தான் அசிங்கம்" என்றார் பிச்சை அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி கேலரியில் கைகட்டி உட்கார்ந்தார். நாங்களும் அப்படித்தான். சவரி பந்தை வாங்கினான். பின்னால் ஒருவன் ஓடி வந்தான். எங்களுக்குத் தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பறித்துக்கொண்டு போய்விட்டான். மறுபடி வாங்கினான், மறுபடி பறிகொடுத்தான். பின் வரிசையில் ஒருவர், "இந்தத் திண்டுக்கல் பையன் வேலைக்கு ஆவமாட்டான்பா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தடவை பந்து அவன் காலுக்கு வந்தபோது பிச்சை அண்ணன் தன்னை மறந்து எழுந்துவிட்டார்.

"ஏலே சவரி, ஆளு!"

இடுப்பில் அதே வெட்டு! பின்னால் வந்தவன் புல்லில் உருண்டான். சவரி பந்தோடு போய்க்கொண்டே இருந்தான்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "யா அல்லா," என்றார் பாய், "அவன் முதுகுல இருந்த கண்ணு நம்மதான்யா!" தண்ணீரும் இல்லை, கோச்சும் இல்லை, என் புல்லும் இல்லை. படியில் விழுந்தடித்து இறங்கிக் கம்பிக்கிட்டே போய் நின்றோம். அப்புறம் ஆட்டம் முடிகிறவரை கத்தல்தான். கடைசியில் பின் வரிசையில் இருந்த அந்தச் சென்னைக்காரரும் எங்களோடு சேர்ந்துகொண்டு "ஆளு! ஆளு!" என்று கத்தினார்.

வெளியே வந்த சவரி பிச்சை அண்ணனைக் கட்டிக்கொண்டான். "இங்க காது அடைச்ச மாதிரியே இருக்குண்ணே. ஒரு பய ஒண்ணும் சொல்ல மாட்றான். அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்கண்ணே. அதப் பாத்துட்டுத்தான் என்னய வச்சிக்கிறதா அனுப்புறதான்னு சொல்லுவாங்களாம்."

பிச்சை அண்ணன் தலையைச் சொறிந்தார். "மறுநா முகூர்த்தம்டா அப்பு. அன்னிக்கு மாப்பிள்ளச் சவரம் ஒத்துக்கிட்டேனே." எனக்கும் லீவு கிடையாது, பாய்க்கு ஆம்பூரில் வேலை. சவரியின் முகம் சுருங்கிப்போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்ட நேரத்துக்கு நான் எப்படியோ டிமிக்கி கொடுத்துவிட்டுச் சலூனுக்கு வந்துவிட்டேன். பிச்சை அண்ணன் கல்யாண மாப்பிள்ளைக்குக் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று, "ஏலே, ஆளு!" என்றார். மாப்பிள்ளை பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, கையில் பிரஷ்தான் இருந்தது.

சவரியை வைத்துக்கொண்டார்கள். பாய்க்கு வந்த போனில் அவ்வளவுதான் தெரிந்தது. எப்படி ஆடினான் என்பது எங்களுக்கு ஈஸ்டருக்குத்தான் தெரிந்தது. லீவில் வந்தவனை எங்கள் மைதானத்தில் ஆட இறக்கினோம். பிச்சை அண்ணன் நடுக்கோட்டில். பந்து சவரியை நோக்கி வந்தது, பின்னால் ஒருவன் பாய்ந்தான், அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் சவரி தோளுக்கு மேலாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டித் திரும்பினான். அண்ணனின் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"பய பாத்துட்டாண்டா," என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. "நான் கத்துறதுக்குள்ள பாத்துட்டான்." அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். ஆனால் அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை.

பிச்சை அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. சலூன் இருந்த இடத்தில் செல்போன் கடை. ரஹீம் பாய் மகனோடு ஆம்பூரில் இருக்கிறார். சவரி சென்னையிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆகிவிட்டான், நல்லா இருக்கிறான், நாள் கிழமைக்குப் போன் பண்ணுவான். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வலை அடித்துவிட்டார்கள், ஜனம் வலைக்கு வெளியே நிற்கிறது. பையன்கள் எங்கள் காலத்தைவிட நன்றாகவே ஆடுகிறார்கள், பந்து வருவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. கத்துகிறவர்கள்தான் யாரும் இல்லை.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. செல்போனில் அந்த மிட்ஃபீல்டர் காலுக்குப் பந்து வந்தது. தலையைக் குனிந்தபடி நின்றான். பின்னால் ஒருவன் வருகிறான்.

"ஆளு!" என்று கத்திவிட்டேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் பார்க்கவில்லை, பந்து போய்விட்டது. பக்கத்தில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே, தயிர் வெங்காயத்தை என் பக்கம் தள்ளி வைத்தான்.

"அவனுக்குக் கேக்காது பெருசு. இது நேத்து ஆடுன மேட்சு."