ஒரே படத்தில் இரண்டு ரோச் வெளிச்சம்

எண்பதுகளின் நடுப்பகுதியில், தஞ்சம் தேடி வந்த இந்த நாட்டில், கூர் நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில் நான் பாத்திரம் கழுவினேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த பட்டதாரி என்பதையும் அதே நேர்மையோடு சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலைப் பற்றி எங்கள் ஆட்களிடையே இன்றும் ஒரு கதை உலாவுகிறது: நான் ஒரு மூதாட்டியை விழுத்திவிட்டு, பழியை ஒரு ரோச் விளக்கின்மேல் போட்டேனாம். சொல்பவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை. நான் இருந்தேன்.

பாத்திரங்களைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஹோட்டலின் சில அறைகள் சற்றுத் தள்ளி வேறொரு கட்டடத்தில் இருந்தன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வயதான விருந்தினர்களை ரோச் பிடித்து அங்கே கூட்டிச் செல்ல வேண்டும். பாதையின் ஓரத்தில், பனி மூடினாலும் வழி தெரிவதற்காக, ஐந்து மீற்றருக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். முதலில் நான் பாவித்தது ஒரு சிறிய உலோக ரோச். நசுங்கியது, பூச்சு உரிந்தது. விருந்தினர் கண்ணில் படக்கூடாத பொருள் என்று ஹோட்டல் முகாமையாளர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, கைப்பிடி வைத்த பெரிய மஞ்சள் ரோச் ஒன்றை வாங்கித் தந்தார். அதன் கண்ணாடி பனி படிந்ததுபோல மங்கலானது. மேசையில் வைத்தால் அறை முழுவதும் வெளிச்சம் பரவும். வெளியே, தூரத்துக்கு, அது உதவாது. முதல் நாளே சொன்னேன்.

"பெரியது, புதியது. வேறென்ன வேண்டும்?" என்றார்.

நான்காம் நாள் அந்த மூதாட்டி விழுந்தார். எவர் கையையும் பிடிக்காமல், எனக்கு ஓரடி முன்னால் நடப்பவர். பாதையில் உறைந்து கிடந்த நீரை அவரும் காணவில்லை, நானும் காணவில்லை. மணிக்கட்டு சுளுக்கியது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆயினும் அவருடைய இரக்கத்தைச் சாட்சிக்கு அழைக்க நான் விரும்பவில்லை.

குளிர்காலப் பருவமும் அதோடு என் வேலையும் முடிய மூன்று கிழமை இருந்தது. இந்த நாட்டில் வேலையை விட்டுப் போகிற எவருக்கும் முதலாளி ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த முதலாளி நம் முகத்தைப் பார்க்குமுன் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். எனக்கென எழுதிய தாளை முகாமையாளர் காட்டினார். நேரம் தவறாதவர், சுத்தமானவர் என்று நான்கு வரிகள். ஐந்தாவது வரி: பாதுகாப்பு விடயத்தில் கவனம் போதாதவர்.

இருபது வருடம் ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளையின் விரல் நுனிகூடச் சுடாமல் படிப்பித்தவன் நான். அந்த வரியோடு அந்தத் தாளை வாங்குவதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

சமையலறையில் என்னோடு வேலை செய்தவர் ஒரு மன்னார்க்காரர். என்னிலும் பத்து வயது இளையவர். மரக்கறி வெட்டுகிற கத்தியும் அவருடைய நாக்கும் ஒரே கூர்மை.

"மாஸ்டர், விடுங்கோ. உங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. இந்த நேரத்தில முதலாளியோட கொழுவப் போறீங்களோ?"

"கவனம் இல்லாதவன் எண்டு எழுதியிருக்கிறான்."

"கோப்பை கழுவுறதுக்கு அது காணும்தானே? இதென்ன, பல்கலைக்கழகமோ?"

"உம்மட கமராவை ஒருக்காத் தாரும்."

"என்னத்துக்கு?"

"ரெண்டு ரோச்சையும் படம் எடுக்க."

கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆக்கள் மலையை எடுப்பினம், மாட்டை எடுப்பினம். எங்கட மாஸ்டர் வெளிச்சத்தை எடுக்கப் போறார்!"

இருந்தாலும் தந்தார். அந்தக் காலத்தில் எங்களில் கமரா வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் படம்தான் எடுத்தார்கள்: மற்றவர்களின் காரில் சாய்ந்து நின்று, ஊருக்கு அனுப்புவதற்கு. அவருடைய பிலிமிலும் பாதி அப்படியே முடிந்திருந்தது. மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அதிலேயே எடுத்தேன்.

சிறியதை லாச்சியிலிருந்து எடுத்து, இரண்டு ரோச்சுக்கும் புதுப் பற்றறி போட்டேன். இருட்டியதும் கமராவை முக்காலியில் பூட்டி, பாதையைப் பார்த்து நிறுத்தினேன். முதலில் சிறியது, பிறகு பெரியது. இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே உயரம், கமரா திறந்திருந்த நேரமும் ஒரே எட்டு வினாடி. குளிரில் மன்னார்க்காரர் எட்டை எண்ணிய சத்தம் பள்ளத்தாக்குக்கே கேட்டிருக்கும்.

படங்கள் கூரிலிருந்து கழுவி வந்தன. உறையைப் பிரித்தும் பாராமல் முகாமையாளரின் மேசையில் வைத்தேன். அதுதான் என் பிழை. முதலில் வெளியே வந்தது, மன்னார்க்காரர் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு காரில் சாய்ந்து நிற்கும் படம்.

"இது என்னுடைய கார் அல்லவா?" என்றார் முகாமையாளர்.

அதற்குப் பின் வந்த இரண்டு படங்களிலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இரண்டிலும் பனி வெள்ளை. இரண்டிலும் கம்பங்கள் தெரிந்தன. அவர் சிரித்தார். "நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், ஐயா."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கண் பார்த்தது பொய் என்று என்னால் ஏற்க முடியவில்லை. படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் விடயம் பிடிபட்டது. பெரிய ரோச்சின் படத்தில் வானமே சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. படம் அச்சிடும் இயந்திரம், இருண்ட படத்தைக் கண்டால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கும். பலவீனமான ரோச்சுக்கு அந்த இயந்திரம் கைகொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் சமப்படுத்திய நான், கடையிலிருந்த இயந்திரத்தை மறந்துவிட்டேன். பௌதிகம் படிப்பித்தவனுக்கு அது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல. ஆனால் திருத்தக்கூடியது.

"இன்னும் விடமாட்டீங்களோ?" என்று கேட்டார் மன்னார்க்காரர்.

"ஓம், விடமாட்டன். நாளைக்கு ஒரு சிலைட் பிலிம் வாங்கிக்கொண்டு வாரும்."

"அதிலயும் என்னை ஒரு படம் எடுப்பீங்களோ?"

"மாட்டன்."

சிலைட் பிலிமில் தாளில் அச்சிடும் வேலை இல்லை. கமரா கண்டது அப்படியே கண்ணாடிச் சட்டத்துக்குள் வரும். அதையும் நம்பாமல், இம்முறை இரண்டு ரோச்சையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, ஒரே படத்தில் எடுத்தேன். சிறியது பாதையோரக் கம்பங்களை நோக்கியது. பெரியதற்கு, அதே இடைவெளியில் நானே தரை கூட்டும் தும்புத்தடிகளை நட்டிருந்தேன். ஒரே படத்துக்குள் எந்த இயந்திரமும் ஒருவருக்கு மட்டும் உதவ முடியாது.

சனிக்கிழமைகளில் விருந்தினர்களுக்கு மலைக்காட்சி சிலைட் காட்டும் கருவி சாப்பாட்டறையில் இருந்தது. காட்சி தொடங்குமுன், வெறும் அறையில், என் படத்தை ஒரு நிமிடம் போடும்படி கேட்டேன். முகாமையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், போட்டார். சுவரில் இடப்புறம் ஒளி கத்தியைப் போல ஒன்பதாவது கம்பம்வரை போயிருந்தது. வலப்புறம் நாலாவது தடிக்கு அப்பால் இருட்டு.

"எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

அவர் எழுந்து சுவரருகே போய், விரலை வைத்து எண்ணினார்.

மறுநாள் புதிய தாள் வந்தது. ஐந்தாவது வரி இல்லை. நான் திருப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டுச் சான்றிதழில் எழுதாமல் விட்டதையும் வாசிப்பார்கள் என்று தலைமைச் சமையல்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். கவனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத சான்றிதழ், கவனமில்லை என்று மெல்லிய குரலில் சொல்வதுதான்.

"நீக்கியாகிவிட்டதே!" என்றார் முகாமையாளர்.

"நீக்கியது போதாது. உண்மையை எழுதுங்கள்."

சிவந்துபோய் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. பருவத்தின் கடைசி நாள், பெட்டியோடு நிற்கையில், மூன்றாவது தாளைக் கொண்டுவந்து தந்தார். விருந்தினரின் பாதுகாப்பில் மிகுந்த கவனம் உடையவர் என்று இருந்தது. நின்றபடியே இரண்டு தடவை வாசித்து, மடித்து, கோட்டின் உட்பையில் வைத்தேன்.

பஸ் நிலையத்துக்கு இறங்கும்போது மன்னார்க்காரர் கேட்டார்: "மாஸ்டர், அந்தாளுக்கு ஒரு நன்றியாவது சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஒரு சொல்லுத்தானே?"

"அவர் எனக்கு ஒண்டும் தரேல்லை. என்னட்டை எடுத்ததைத் திருப்பித் தந்தவர்."