முதலில் மன்னிப்புக் கேட்டவர்கள்

ஹச்சினோஹெ ஊர்ப் பனிச்சறுக்குத் தளத்தின் கண்ணாடிச் சுவரை ஒட்டி நான் ஊடோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். சறுக்க வரும் பிள்ளைகளில் முக்கால்வாசி என் கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்ததுகள். அதில் கோஹாருவைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தனியாகச் சறுக்கிய வரைக்கும் அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. தாவினால் விழுவாள். எழுந்து மறுபடி தாவி, மறுபடி விழுவாள். பயிற்சியாளர் நிஹெய்தான் அவளைத் தோமோயாவோடு ஜோடி சேர்த்தார். அவன் ஐஸ் ஹாக்கியை விட்டுவிட்டு வந்தவன், அவளைவிட நான்கு வயது பெரியவன், நெடுநெடுவென்று இருப்பான். முதல் தடவை அவன் அவளைத் தலைக்கு மேலே தூக்கியபோது எனக்குக் கரண்டி கை நழுவியது. மேலே போனதும் அந்தப் பெண்ணுக்கு முகமே வேறு. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் நாட்டில் ஜோடியாகச் சறுக்க ஆள் கிடைப்பதே அபூர்வம். அந்த வருஷம் இளையோர் போட்டிக்கு ஜோடியாகப் போனது இவர்கள் மட்டும்தான். பரிசு மேடையில் இரண்டு பக்கமும் காலி, நடுவில் இதுகள்.

"யாரைடி ஜெயிச்சே?" என்று கிண்டல் செய்தேன்.

"காத்தை, அத்தை!" என்றவள் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷத் தகுதிப் போட்டியில் நல்ல மதிப்பெண் வாங்கினால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இருவருக்கும் அதே நினைப்பு. அந்தக் கோடையில்தான் தோமோயா அவளைத் தூக்கும்போது நழுவவிட ஆரம்பித்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். தப்பு யார் பேரில் இருந்தாலும் இருவருமே மன்னிப்புக் கேட்பார்கள். இவர்களுக்குள் அது பந்தயமாகவே ஆகிவிட்டது.

"மன்னிச்சுக்கோ, கோஹாரு."

"ஐயோ, இல்லண்ணா, என் மேலதான் தப்பு."

"எவ்வளவு மரியாதையான பிள்ளைங்க பாருங்க" என்று நிஹெய் பூரித்துப்போவார். மரியாதையாம், மண்ணாங்கட்டி! ஏன் விழுகிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

கோஹாரு தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். நூடுல்ஸை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தாள்.

"ஏண்டி, பட்டினி கிடந்து சாகப்போறியா?"

"நான் வளர்ந்துட்டேன் அத்தை. அண்ணாவுக்குக் கனக்குது. பாவம், வாய்விட்டுச் சொல்லமாட்டேங்குறார்."

திட்டினேன், கெஞ்சினேன், நிஹெய்யிடம் போய்க் கத்தினேன். அவர் விசாரித்ததற்கு, "நல்லா சாப்பிடுறேன் மாஸ்டர்" என்று குனிந்து வணங்கிச் சிரித்தாள். அந்த மனுஷனும் நம்பிவிட்டார்.

தகுதிப் போட்டியன்று தூக்கியதெல்லாம் பிசகாமல்தான் நடந்தது. கடைசியில் சாதாரணமாகக் கீழே இறங்கி நின்றவளின் கால் எலும்பு முறிந்துபோனது. சாப்பாடில்லாமல் எலும்பெல்லாம் கிழவியின் எலும்பாகிவிட்டதாம். இனிப் போட்டிக்குச் சறுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் தோமோயா கடைக்கு வந்தான். கிண்ணத்தை நீட்டினேன். இடது கையால் வாங்கினான்.

"வலது கைக்கு என்னடா வந்துச்சு?"

"கோடையிலேயே தோள் போயிடுச்சு அத்தை. சொன்னா மாஸ்டர் என்னை நிறுத்திடுவார். அவளுக்கு வேற ஜோடி எங்க கிடைக்கும்? அதான் மறைச்சேன்."

"அப்போ அவ கனமா இருந்தான்னு..."

"அவளா? அவ கனக்கவே இல்ல அத்தை."

ஆத்திரத்தில் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, அவன் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

கட்டிலைப் பார்த்ததும் அவன் இடுப்பு வளையக் குனிந்து, "மன்னிச்சுக்கோ" என்றான். அதே நேரத்தில் அவளும், "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றாள்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். "டேய், எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு."

சொன்னான். அவள் அவன் தோளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் சாப்பிட்டிருக்கலாமா அத்தை?"