முதுகில் வைத்த மரக்குழாய்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். பாரிசில் இருந்த காலத்தில் ஒரு சின்ன அறைக்குள் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு படுப்போம். அதில் ஒருவன், குழாயில் தண்ணீர் சொட்டினாலும் அது செத்துப்போன ஆரோ கூப்பிடுகிற சத்தம் என்பான். அவனைப் பகிடி பண்ணுவதுதான் எனக்கு அங்கே பொழுதுபோக்கு. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அது வேறு கதை. செத்தவர்கள் திரும்பி வருவதாக இருந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் நடக்க இடமிருக்காது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் தச்சு வேலைக்காரன். லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில், ரயில் பாலத்துக்குக் கீழே வளைவு வளைவாகக் கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் குணம் அண்ணை ஒரு மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஜெர்மனியில் இருந்து வந்தவர், நான் பிரான்சில் இருந்து வந்தவன், இரண்டு பேரும் லண்டனில் சேர்ந்துகொண்டோம். சமையலறை அலுமாரிகள்தான் எங்கள் முக்கிய வேலை. இடைக்கிடை கண்காட்சிகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகளும், பொருட்களை நிறுத்தி வைக்கிற தாங்கிகளும் செய்து கொடுப்போம். மேலே ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிரும், ஆணிப் பெட்டி தானாகக் கிலுகிலுக்கும், அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. அதனால் ஏதோ அதிர்வில் நடந்திருக்கும் என்று நீங்கள் சொல்ல வாயெடுப்பீர்கள், தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு வசந்தகாலத்தில் ஓர்லா என்ற அயர்லாந்துப் பெண் எங்களிடம் வந்தாள். அயர்லாந்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியின் பழைய பொருட்களை லண்டனில் கண்காட்சியாக வைக்கப் போவதாகச் சொன்னாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி அங்கே தாதியாக இருந்தவராம். பொருட்களைப் பார்த்தால்தான் அளவுக்குத் தாங்கி செய்யலாம் என்று குணம் அண்ணை சொல்லிவிட, அவள் எல்லாவற்றையும் பத்திரமாகப் பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கினாள். சளி துப்புகிற மூடி போட்ட நீலக் கண்ணாடிக் குப்பி, கட்டில்களில் தொங்கவிட்ட இரும்பு இலக்கத் தகடுகள், வார்டில் அடிக்கிற பித்தளை மணி, வெள்ளை நாடாவால் கட்டிய நோயாளர் பதிவேடுகள். பதிவேடுகளைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள், நாங்களும் திறக்கவில்லை. கடைசியாக ஒரு சிறிய பெட்டியில் இருந்து ஒரு மரக்குழாயை எடுத்தாள். ஒரு முனை எக்காளம்போல விரிந்திருந்தது, மறு முனையில் காதை வைக்க வட்டமான தட்டு. ரப்பர் குழாய் வைத்த ஸ்டெதஸ்கோப் வருவதற்கு முந்திய காலத்துச் சாமான். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய வைத்தியர், மற்றவர்கள் எல்லோரும் ரப்பருக்கு மாறிய பிறகும், சாகும்வரைக்கும் இதைத்தான் வைத்திருந்தாராம்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். குணம் அண்ணை ஒரு அலுமாரியைக் கொண்டுபோய்ப் பொருத்த, பட்டறை வானை ஓட்டிக்கொண்டு நகரின் மறு பக்கம் ஹவுன்ஸ்லோவுக்குப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவார். நல்ல வெயில். பெரிய கதவைச் சாத்தி, பக்கத்துச் சின்னக் கதவை மட்டும் வெளிச்சத்துக்காகத் திறந்து விட்டிருந்தேன். வெளியே பக்கத்து வளைவு டயர்க் கடைக்காரன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டு, மழை, தனிமை என்று பயப்படுவதற்கான ஏற்பாடு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. நான் மேசையில் குனிந்து, குழாய் நிற்கிற தாங்கிக்கு உப்புத்தாள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதுகில் குளிராக ஏதோ வந்து அழுந்தியது.

இடது பக்கம், தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில். வட்டமாக இருந்தது, சட்டைக்கு மேலாலேயே அந்த வட்டத்தின் விளிம்பு தெரிந்தது. குணம் அண்ணை ஹவுன்ஸ்லோவுக்குப் போகாமல் திரும்பி வந்து, கையில் கிடைத்த பைப்புத் துண்டை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ, கையில உப்புத்தாள் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

ஒருவரும் இல்லை. சின்னக் கதவால் பார்த்தால் வான் நிற்கிற இடமும் காலியாகத்தான் கிடந்தது.

சரி, தசைப்பிடிப்பு. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவனுக்கு முதுகில் என்னென்னவோ செய்யும். தோளை உலுப்பிவிட்டு மறுபடி குனிந்தேன். மறுபடி அழுந்தியது. இந்த முறை ஒரு விரற்கடை கீழே. நம்பினால் நம்புங்கள், அப்போது அந்த மரக்குழாய் எனக்கு முன்னால், திறந்த பெட்டிக்குள், நான் பார்த்துக்கொண்டிருக்கக் கிடந்தது. அது அசையவில்லை. என் முதுகில் இருந்ததோ குழாயின் வாய்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தாங்கி செய்வதற்காக அந்த வாயின் அகலத்தைக் காலையில் இருந்து கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பிறகு பாரம் வந்தது. குழாயை வெறுமனே பிடித்திருந்தால் அந்தப் பாரம் வராது. ஒரு மனிதன் குனிந்து, மறு முனையில் காதை வைத்து, தலையின் முழுக் கனத்தையும் அதில் இறக்கினால் வருகிற பாரம் அது. என் பிடரிக்குக் கீழே, சட்டைக் கொலருக்கு மேலே, மயிர் உரசியது. வேறொருவருடைய தலைமயிர்.

ஓடியிருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டேன். எவரும் சொல்லவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை, டாக்டரின் அறையில் இருக்கும்போது உடம்பு தானாகச் செய்யுமே, அப்படிச் செய்தது. பிடித்த மூச்சை விட்டேன். குழாய் எடுபட்டது. வலது பக்கம் வந்து பதிந்தது, அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. திரும்ப இடது பக்கம் வந்தது. கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. பிறகு முதல் வைத்த அதே இடத்துக்கு வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் பின்னால் நிற்பது ஆர் என்ற பயம்கூட இல்லை, அவருக்கு உள்ளே என்ன கேட்கிறது என்ற பயம்தான் வந்தது. அப்படியொரு பயம் எனக்கு ஏன் வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கடைசியில் அந்த இடத்தில் விரலால் தட்டினார். மெதுவாக, சுவருக்குள்ளே மரம் இருக்கிறதா வெறுமையா என்று பார்க்க நாங்கள் தட்டுவோமே, அதே மாதிரி. அந்தத் தட்டலோடு எனக்கு இருமல் வந்தது, வந்த இருமலில் மேசையைப் பிடித்துக்கொண்டு மடிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது பின்னால் ஒரு பாரமும் இல்லை. உப்புத்தாளைப் போட்டுவிட்டு வெளியே போய், டயர்க் கடைக்காரனுக்குப் பக்கத்தில், ஒரு காரணமும் சொல்லாமல் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி தந்தான்.

குணம் அண்ணை வந்ததும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உனக்கு விசரோடாப்பா? பழைய சாமானைப் பார்த்த உடனே கண்டபடி யோசிக்கிறாய். அது மரத்தூள் குடிச்ச இருமல்."

"இருமலைச் சொல்லேல்லை அண்ணை. முதுகில வைச்சதைச் சொல்லுறன்."

"வைச்சவர் ஃபீஸ் கேட்கேல்லைத்தானே? பிறகென்ன, பேசாமல் இரு."

அவர் சொன்ன மாதிரி இருமல் எனக்குக் கொஞ்ச நாளாகவே இருந்தது, மரத்தூள்தான் என்று நானும் விட்டுவிட்டேன். உடம்பு மெலிந்ததற்கும் வேலை கூடிப்போச்சு என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் சுகந்தியிடம், அதுதான் என் மனைவி, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குளித்துவிட்டுச் சட்டை போடப் போனபோது அவள் பின்னால் இருந்து கேட்டாள்.

"இதென்னப்பா முதுகில?"

"எது?"

"ரவுண்டா, செக்கச்செவேல் எண்டு கிடக்கு. என்னத்தில போய்ச் சாய்ஞ்சனீங்கள்?"

அவள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். இடது பக்கம், அதே இடத்தில், ஒரு கோப்பையைக் கவிழ்த்து அழுத்தின மாதிரி வட்டம். மற்ற இடங்களில் வைத்ததற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. என் முகம் மாறியதை அவள் கண்டுவிட்டாள், பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "பேயோ பிசாசோ எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இருமலோட இனி இஞ்ச இருக்க ஏலாது, நாளைக்கே டாக்டரிட்டப் போறியள்" என்றாள். அவ்வளவுதான், சுகந்தி முடிவெடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

டாக்டர் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தே போன் வந்தது, உடனே வரச் சொல்லி. காசநோய். நான் அந்தப் பாரிஸ் அறையில் படுத்த காலத்திலேயே உள்ளே போய் உறங்கியிருந்திருக்கலாம், இப்போது எழும்பியிருக்கிறது என்று நெஞ்சுநோய் டாக்டர் விளக்கினார். திரையில் படத்தைக் காட்டி, நிழல் விழுந்திருந்த இடத்தைப் பேனாவால் தொட்டார். பிறகு என்னைத் திரும்பச் சொல்லி, "இந்த இடம்" என்று என் முதுகில் விரலை வைத்தார். சுகந்தி பக்கத்தில் நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டரிடம் என்னவென்று சொல்வது? ஏற்கனவே ஒருவர் பார்த்துவிட்டார் என்றா?

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நிலைமை வேறு என்று அந்த டாக்டர் சொன்னதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். மாதக்கணக்கில் மாத்திரை, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வாய் கசக்கும், தொடக்கத்தில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். சுகந்தியையும் பிள்ளைகளையும் குணம் அண்ணையையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. குணம் அண்ணை அன்றைக்கு மட்டும் பகிடி விடவில்லை. நான் செய்து முடிக்காமல் விட்ட தாங்கியை அவரே முடித்துக் கொடுத்தார், ஆனால் சின்னக் கதவோடு பெரிய கதவையும் முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டுதான் செய்தார் என்று டயர்க் கடைக்காரன் பிறகு சொன்னான்.

சுகமான பிறகு கண்காட்சியைப் பார்க்கப் போனேன். மரக்குழாய் கண்ணாடிக்குள்ளே எங்கள் தாங்கியில் அமைதியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் ஓர்லா நின்றாள். நடந்ததைச் சொல்லாமல், அந்த வைத்தியர் இதை எப்படிப் பாவித்தார் என்று மட்டும் கேட்டேன். தன் கொள்ளுப்பாட்டி சொல்லி வீட்டில் வழிவழியாக வந்த கதை ஒன்று இருக்கிறது என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நோயாளிகள் தையலோ பின்னலோ ஏதாவது கைவேலை செய்துகொண்டிருக்கும்போது, அவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று குழாயை வைப்பாராம். முன்கூட்டிச் சொன்னால் ஆட்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள் என்பாராம். கேட்டு முடிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவாராம்.

அடுத்த ஆளிடம். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கண்காட்சி முடிந்து பொருட்கள் எல்லாம் அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டன, ஓர்லாவே கூடப் போய் ஒப்படைத்தாள். அதோடு இது முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்து, சுகந்தி சமையலறைத் தொட்டியில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் இருந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அறையின் முழு அகலமும் இருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்:

"தலையை எடுங்கோப்பா, பாரமாக் கிடக்கு. கழுவி முடிக்க விடுங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய சட்டைத் துணி முதுகில், வலது பக்கம், சின்ன வட்டமாக உள்ளே அழுந்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க அந்த வட்டம் மெதுவாக விட்டுப்போய் துணி நேரானது. அவள் ஆழமாக மூச்சு விட்டாள், பிறகு மறுபடி சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஏதோ சாட்டுச் சொல்லி அவளை எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூட்டிக்கொண்டு போனேன், அதுவும் சுத்தம். டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அவளிடம் அந்தப் பழைய வைத்தியர் வருவது நிற்கவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் இடைக்கிடை, தொட்டிக்கு முன்னால் அவள் நிற்கும்போது, "இந்த வயதில உங்களுக்கு என்னப்பா புது ஆசை" என்று திரும்பாமலே சிரிக்கிறாள். மரக்குழாய்தான் அயர்லாந்துக்குப் போய்விட்டதே, அவளுக்கு அது நான் என்றுதான் நினைப்பு.

தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் என் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை; நான் மேசையில் இருந்தபடி, ஓம், நான்தான் என்று சொல்கிறேன். வேறு என்ன சொல்வது? சொல்லிவிட்டு, அந்த வட்டம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.