அளவு நோட்டு திரட்டிய கூட்டம்

தெருமுனைத் தையல்காரியின் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். தெருவின் மானம் தப்பிப் பிழைப்பதே அந்த ஊசிகளால்தான். யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம், கல்யாணத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை, எல்லாம் அவளுடைய அளவு நோட்டில் பேர், வீட்டு நம்பரோடு இருக்கும்.

தெருவிலிருந்த அரசாங்க ஆஸ்பத்திரியை ஊரின் மறுகோடிக்கு மாற்றப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பக்கவாதம் வந்த அவள் புருஷனுக்கு வாரம் மூன்று நாள் அங்கேதான் நடக்கப் பழக்குகிறார்கள். பஸ் ஏறிப் போகிற கால் இல்லை அது.

"கவலைய விடுங்க அண்ணி, ஆஸ்பத்திரிக்காக ஆன்லைன்ல குரூப் ஆரம்பிச்சிட்டேன்" என்றான் கொழுந்தன். கட்டிலில் படுத்தபடியே போராடும் வீரன். பத்தே நாளில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். 'புதன் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மாற்றம் பற்றிப் பொது விசாரணை, திரண்டு வாரீர்' என்று போட்டதற்கு மட்டும் இரண்டாயிரம் லைக்.

செவ்வாய் மத்தியானம் குரூப்பைக் காணோம். யாரோ கூட்டமாய்ப் புகார் கொடுத்து மூடவைத்துவிட்டார்கள். கொழுந்தன் பேயறைந்தவன் போல வந்து நின்றான்.

"யார் நம்பராவது தனியா எழுதி வெச்சிருக்கியா?"

"எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு அண்ணி."

"ஒம்பதாயிரத்துல நம்ம தெருக்காரங்க எத்தனை பேரு?"

தலையைச் சொறிந்தான். "ஒரு... பதினாலு?"

அவள் குண்டூசிகளைத் துப்பினாள். அளவு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதல் பக்கத்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வேலை இருக்கேக்கா" என்று இழுத்தாள் மாடிவீட்டுக்காரி.

"உன் பிள்ளைக்குக் கை ஒடிஞ்சப்ப எங்க தூக்கிட்டு ஓடுன? சரி, அது போகட்டும். உன் இடுப்பளவ இங்கயே சத்தமாப் படிக்கட்டுமா?"

"ஐயையோ! வர்றேன். அவரையும் இழுத்துட்டு வர்றேன்!"

மறுநாள் விசாரணைக் கூடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி குமாஸ்தாவிடம் குனிந்து, "குரூப்ப மூடியாச்சு, பத்துப் பேர் வந்தா அதிகம்னு சொன்னீங்க?" என்று முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது. அப்போது தையல்காரியின் புருஷன் எழுந்தார். கோலை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், மேஜை வரை ஏழு அடி நடந்தார்.

"இந்த ஏழு அடியும் அந்த ஆஸ்பத்திரி குடுத்தது, ஐயா" என்றார்.

தையல்காரி அளவு நோட்டில் புருஷன் பேருக்கு நேரே 'ஏழு அடி' என்று குறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் போனை உயர்த்தினான். "அண்ணி, எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ. புது குரூப்ல போடலாம்."

"போடு, வேணாங்கல. அதுக்கு முன்னாடி உக்காந்து எல்லார் பேரு, வீட்டு நம்பரு, போன் நம்பரு எழுது." நோட்டை அவன் கையில் வைத்தாள். "பேர மட்டும் பாரு. அளவுல கண்ணு போச்சுன்னா, உன்னோடத முதல்ல படிச்சிடுவேன்."