பொட்டு வைத்த பட்டரி

தெல்தோட்டை பஸாருக்குக் கொஞ்சம் மேலே மஹ்ரூப் முதலாளியின் தகரக் கொட்டகை. அதற்குக் காவல் அழகமுத்து. வயது நாற்பத்தாறு. ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முன்பு தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த காலத்தில், சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். இரண்டு பல்சக்கரம் கையில் மிச்சம். மணிக்கூடு அதன் பிறகும் ஓடியதுதான் வேடிக்கை. என்ன, தினமும் ஒரு மணித்தியாலம் முந்தி ஓடியது. ஆட்களெல்லாம் ஒரு கிழமை வேளையோடு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கிழமையோடு அழகமுத்துவும் வீட்டுக்குப் போனார்.

கொட்டகைக்குள் நிற்பது ஒரு வீட்டு வேன். விக்டோரியா அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பள்ளிக்கூட லீவு வந்தால் முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் போவார். மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் தூங்கும். அதைக் காப்பதற்காக, கொட்டகையோடு ஒட்டிய ஓர் அறையும் குசினியும் அழகமுத்துவுக்குக் கிடைத்திருந்தன. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே வாழ்க்கைப்பட்ட அவர் மனைவி அன்னலட்சுமிக்கு, அடுத்த வீட்டு இருமல் கேட்காத சுவர் அப்போதுதான் முதல் தடவையாக வாய்த்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடியில் முதலாளி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அது முடிந்து ஜித்தாவில் இருக்கும் மகனோடு தங்கி, நாலு மாதம் கழித்துத்தான் வருவதாக ஏற்பாடு.

"வேன் கதவுச் சாவி ஒங்கட்ட ஈக்கட்டும். கிழமைக்கு ஒருக்கா தொறந்து காத்து விடுங்க. பட்டரி ரெண்டயும் மட்டும் தொட வாணாம்" என்றார்.

"ரெண்டு எதுக்குங்க மொதலாளி?"

"முன்னுக்கு ஈக்கிறது இஞ்சினுக்கு. சீட்டுக்குக் கீழ ஈக்கிறது உள்ளுக்கு லைட்டுக்கும் ஃபேனுக்கும். அதுகளும் மனுசன் மாதிரித்தான், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். நான் வந்து சாவி போட்டா டக்கெண்டு ஸ்டார்ட் ஆகணும். ஆகல்லண்டா காவலுக்கு வேற ஆள் பாப்பேன். இந்த அறையும் அவனுக்குத்தான்."

போன மாதம்தான் யாரோ ஒரு லொறியின் பட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் வேனின் பொனட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை முதலாளி தன்னோடு கொண்டுபோனார்.

மூன்றாம் கிழமை அன்னலட்சுமி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, எங்க அண்ணன் வீட்டு பட்டரி செத்துப்போச்சாம். டீவி பாக்க வழியில்லையாம்."

லயங்களில் அப்போது கரண்ட் இல்லை. டீவி வைத்திருந்தவர்கள் கார் பட்டரியில்தான் ஓட்டினார்கள்.

"அதுக்கு?"

"சீட்டுக்குக் கீழ ஒன்னு சும்மாதானே கெடக்கு."

"அது ரெஸ்ட் எடுக்குது புள்ள."

"நாலு மாசமா? நம்ம தோட்டத்துத் தொரைகூட அவ்ளோ லீவு எடுக்க மாட்டாரு."

தமிழ்ப் படம் வந்த அன்று பட்டரி சாக்குப் பைக்குள் ஏறி லயத்துக்குப் போனது. மறுநாள் காலை அழகமுத்து அதைத் தோளில் சுமந்து பளீல் பாஸின் சார்ஜ் கடைக்கு இறங்கினார். பளீல் பாஸ் பட்டரியைப் பார்த்தே ஊர்க் கதை சொல்லக்கூடியவர். புருசன் பெண்சாதி பேசிக்கொள்ளாத வீட்டில் டீவி அதிக நேரம் ஓடும், பட்டரி வேளையோடு இறங்கும் என்பது அவர் கணக்கு.

பையைத் திறந்ததும் அவர் மீசை நிமிர்ந்தது. "இது இந்த ஊர்ச் சாமான் இல்லயே. மஹ்ரூப் முதலாளிட வேன்ல ஈந்த மாதிரி ஈக்கி."

"அதே மாதிரி ஒன்னுங்க பாஸ்."

"அதே மாதிரியா, இல்லாட்டி அதேயா?"

அழகமுத்து கூரையில் இருந்த சிலந்தியைக் கவனமாகப் பார்த்தார். பளீல் சிரித்துக்கொண்டே ஆறு மூடியையும் திறந்தார். உள்ளே தண்ணீர் குறைந்து தகடு தெரிந்தது. தகடு மூழ்கும்வரை பட்டரித் தண்ணீர் விட்டார். பிறகு மிதவை வைத்த ஒரு கண்ணாடிக் குழாயால் அசிட்டை உறிஞ்சித் தூக்கிப் பார்த்தார். அழகமுத்துவின் தலையும் குழாயோடு சேர்ந்து எழும்பியது.

"மேல மிதந்தா என்னாங்க, கீழ போனா என்னாங்க?"

"மேல நிண்டா வயிறு நெறஞ்சிருக்கு. கீழ போனா பட்டினி. இது தடிச்ச தகடு, படம் பாத்தா ஒண்டும் ஆகாது. ஆனா பாதிக்குக் கீழ எறங்க விடவாணாம். அடுத்த நாளே கொண்டு வந்துரணும். எறங்கினத அப்பிடியே போட்டு வெச்சா உள்ளுக்கு வெள்ளப் பொருக்குக் கட்டும். பொறகு கரண்ட் ஏறாது."

"யாரும் தொடாம சும்மா இருக்குற பட்டரிங்க?"

"அதுவும் தன்னால எறங்கும். மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் போடணும். வயரயும் கழட்டி வெக்கணும், இல்லாட்டி எதுவாச்சும் ஒண்டு களவா குடிச்சிட்டே ஈக்கும்."

அன்று அழகமுத்து வேனுக்குள் போய் உட்கார்ந்து காதைத் தீட்டினார். டிக், டிக், டிக். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணிக்கூடு. யாரும் சாவி கொடுக்காமல் இது எப்படி ஓடுகிறது? வயர் போகும் வழியைக் கையால் தடவிப் பார்த்தார். அது நேராக இஞ்சின் பக்கம் போய் மறைந்தது. பொனட்டுப் பூட்டின் சாவியோ ஜித்தாவில்.

அதிலிருந்து தினமும் காலையில் முதல் வேலை மணிக்கூட்டை எட்டிப் பார்ப்பது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அது மூன்று நாற்பதில் நின்றிருந்தது. அழகமுத்து கதவைச் சாத்திவிட்டு வந்து, தேத்தண்ணீரைக் குடிக்காமல் ஆற விட்டார்.

"செத்துருச்சா?" என்றாள் அன்னலட்சுமி. பிறகு தன் குசினிச் சுவரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள்.

முதலாளியாகப் போனவர் ஹாஜியாராகத் திரும்பினார். ஹஜ்ஜிலிருந்து வந்த ஈத்தம்பழத்தில் பங்கு வாங்கும் சாக்கில் பளீல் பாஸும் கூடவே கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். ஹாஜியார் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"தொட வாணாமெண்டு சென்னேனே, அழகமுத்து."

"அதத் தொடலிங்க. மணிக்கூடு குடிச்சிருச்சுங்க. சீட்டுக்குக் கீழ இருக்குறது நல்லா இருக்கு, அதுல வயர் குடுத்தா ஸ்டார்ட் ஆயிரும்."

அன்னலட்சுமி பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள். ஏன் என்று புரிவதற்குள் ஹாஜியார் சீட்டைத் தூக்கிவிட்டார்.

பட்டரியின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நடுவில் சந்தனம், அதன் மேல் ஐந்து சதக் காசளவு குங்குமம். ஆயுத பூசைக்குக் கத்தி, மண்வெட்டி, அம்மி எல்லாவற்றுக்கும் வைத்த அன்னலட்சுமி, வேலை செய்யும் சாமான்தானே என்று இதற்கும் வைத்திருந்தாள். துடைக்கத்தான் மறந்துபோனாள்.

மக்காவிலிருந்து வந்த மனிதர் குனிந்து அந்தப் பொட்டைக் கிட்டப் பார்த்தார்.

"ஹாஜியார், இது ஏழு படம் பாத்த பட்டரி" என்றார் பளீல். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த கதை, பாவம்.

அழகமுத்துவுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. சாக்குப் பை, லயம், பட்டரித் தண்ணீர், மிதவை, மணிக்கூடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அதற்குள் பளீல் பொனட்டைத் திறந்து, இரண்டு பட்டரிக்கும் வயர் கொடுத்துவிட்டார். வேன் ஒரு தடவை இருமிவிட்டு உறுமியது.

"ரெஸ்ட் எடுத்தது மௌத்தாகி ஈக்கி. படம் பாத்தது உசிரோட ஈக்கி" என்றார் ஹாஜியார். பிறகு சாவிக் கொத்தில் இருந்து பொனட்டுச் சாவியைக் கழற்றி நீட்டினார். "அப்ப இனி முன்னுக்குள்ளதுலயும் படம் பாருங்க."

"அது படத்துக்கு ஆகாதுங்க, மெல்லிசுத் தகடு. நீங்க வேன நிப்பாட்டினதும் வயரக் கழட்டிருவேன். மாசத்துக்கு ஒருக்கா பாஸ்கிட்ட கொண்டு போவேன்."

'மாசத்துக்கு ஒருக்கா' என்பதை ஹாஜியார் மறுக்கவில்லை. அன்னலட்சுமி சத்தமில்லாமல் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

"ஹாஜியார், ஒரே ஒரு விசயம்" என்று அழகமுத்து தலையைச் சொறிந்தார். "அந்த மணிக்கூட்ட ஒருக்கா கழட்டிப் பாக்கட்டுங்களா?"

ஹாஜியார் பதில் சொல்வதற்குள் குசினியிலிருந்து குரல் வந்தது. "குடுத்துறாதீங்க ஹாஜியார்."