கடலுக்கு மேல் வரைந்த பிறை

1. நல்ல முடிவு

அப்கிரேட் வைவாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, என் ஆய்வில் கிடைத்த மிக நல்ல முடிவு பிழையென்று எனக்குத் தெரியவந்தது. எம்.பில். பதிவைப் பி.எச்.டி.யாக உயர்த்தலாமா என்று ஒரு குழு நேரில் கேள்வி கேட்டுத் தீர்மானிப்பதைத்தான் அப்கிரேட் வைவா என்போம்.

என் துறை விஞ்ஞான, கணிதக் கல்வி. தரம் எட்டுப் பிள்ளைகள் சந்திரன் வளர்வதையும் தேய்வதையும் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பது ஆய்வுத் தலைப்பு. உம்மாவும் வாப்பாவும் கையெழுத்துப் போடப் பழகியதே என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில்தான். அவர்களுடைய மகள் வானத்தைப் பற்றி ஆராய்கிறாள் என்று நினைத்தால், எங்கள் ஊரான சாய்ந்தமருதின் தெருவில் என் ஸ்கூட்டி நிலத்தில் படாமல் ஓடுவது போலிருக்கும்.

பைலட் ஸ்டடி என்ற முன்னோட்ட ஆய்வுக்கு வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு படம்: கடல், அதற்கு மேல் மெல்லிய பிறை. இது எப்போது தெரியும் என்பது கேள்வி. புள்ளித்திட்டத்தின்படி விடை, சூரியன் மறைந்த பிறகு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சுபஹு நேரம், அதாவது விடியுமுன், என்று எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகளிடம் இப்படி ஊறிப்போன பிழையான கருத்து அகப்பட்டதில் என் மேற்பார்வையாளருக்குப் பெரிய சந்தோஷம். "இவ்வளவு ஸ்ட்ரோங்கான மிஸ்கொன்செப்ஷன் லேசில கிடைக்காது. தீசிஸ இதுக்கு மேலயே கட்டலாம்" என்றார்.

2. கடற்கரையில்

ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம், நோன்புக்குத் தலைப்பிறை பார்க்க ஊரோடு ஊராகக் கடற்கரைக்குப் போனேன். எங்கள் கடல் கிழக்கே. தலைப்பிறை தெரிவதோ மேற்கே. ஆனாலும் கடற்கரையில்தான் வானம் மறைப்பில்லாமல் விரிந்து கிடக்கும். அதனால் அங்கே போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தென்னைகளுக்கும் பள்ளிவாசல் மினாராவுக்கும் மேலே பார்த்து நிற்போம். அன்றும் அப்படித்தான். வானம் மாதுளை முத்தின் நிறத்தில் இருந்தது. அலைகள் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தன. அத்தனை முகங்களும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே வெளிச்சத்தில் நனைந்திருந்தன.

என் கேள்வித்தாளுக்கு விடை எழுதிய பிள்ளைகளில் ஒருத்தியான ஸஃப்னா, தோழிகளோடு பக்கத்தில் நின்றாள்.

"மிஸ், நீங்களும் இந்தப் பக்கமா பாக்கிற? உங்கட படத்தில பிறை கடலுக்கு மேலதானே நிண்டது!"

தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்ப அத எப்ப பாக்கிற?" என்று கேட்டேன்.

"அதப் பாக்கிறெண்டா சுபஹுக்கு வரணும் மிஸ். தேஞ்ச பிறைதான் கடலுக்கு மேல வரும். வாப்பா தோணி தள்ளக்குள்ள நான் கண்டிரிக்கன்."

மணல் காலடியில் நழுவியது போலிருந்தது. அந்தக் கேள்வித்தாளைச் செய்தவர்களின் நாட்டில் சூரியன் கடலில் மறைகிறது. எங்கள் கடலில் அது உதிக்கிறது. பிள்ளைகள் கண்டதைத்தான் எழுதியிருந்தார்கள்.

"சரி, பிறை ஏன் தேயிற?"

"பூமிட நிழல் விழுற மிஸ்" என்றாள், அதே நிச்சயத்தோடு. அது பிழை. பூமியின் நிழல் சந்திரனில் விழுவது கிரகணத்தின்போது மட்டும்தான். நான் வாயைத் திறக்குமுன் யாரோ "அந்தா!" என்றார்கள். கண் இமை போல ஒரு கீற்று. எல்லாக் கைகளும் துஆவுக்கு உயர்ந்தன. என் கைகளும்.

3. குழுவின் முன்

"பிள்ளைகள்ட விடைதான் சரியெண்டு குழுவுக்குச் சொன்னா அப்கிரேட் பிந்தும். சொல்லாட்டி ஆருக்கும் தெரியாது. நீங்கதான் யோசிக்கணும்" என்றார் மேற்பார்வையாளர்.

சொன்னேன். குழுவில் நடுவில் இருந்த பேராசிரியர் படத்தைத் தூக்கிக் காட்டினார். "வெளிச்சம் வலப் பக்கம் இருக்கே. அத வச்சே வளர்பிறை எண்டு பிள்ளைகள் சொல்லியிருக்கலாமே?"

"எங்கட ஊர்ல பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும் சேர். அதில வலம் இடம் லேசில பிடிபடாது."

"இந்தக் கேள்விய எடுத்திட்டா உங்கட பைலட்டில என்ன மிஞ்சும்?"

"எந்தப் பிறை எங்க தெரியும் எண்டு பிள்ளைகளுக்குத் தெரியும். ஏன் அப்படித் தெரியுது எண்டதுதான் தெரியல்ல. அந்த இடைவெளி மிஞ்சும் சேர்."

வெளியே இருக்கச் சொல்லி, பிறகு கூப்பிட்டார்கள். கேள்வித்தாளைப் புதிதாகச் செய்து, பைலட்டைத் திரும்ப நடத்திவிட்டு வரச் சொன்னார்கள். அப்கிரேட் இல்லை.

உம்மாவுக்கு கோல் எடுத்தேன்.

"பாஸா மகள்?"

"இல்ல உம்மா. திரும்ப வரட்டாம்."

"வரட்டாமெண்டா போவம். கதவ அடைக்கல்லதானே?"

புதிய கேள்வித்தாளை எங்கள் கரையில் நின்று வரைந்தேன். ஒவ்வொரு படத்திலும் திசையைக் குறித்தேன். அடுத்த வருடம் அதே குழு என்னைப் பி.எச்.டி.க்கு உயர்த்தியது. இப்போது கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வுக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் கேள்வித்தாளில் சொற்களைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. கடல் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். ஒரு பிள்ளையின் விடைக்குப் பிழை போடுமுன், அது நிற்கும் இடத்தில் போய் நின்று, அது பார்க்கும் பக்கம் உங்கள் முகத்தையும் திருப்புங்கள். அதற்கு ஒரு வருடம் போனால் போகட்டும்.