தேவகி பிடுங்கிய கேபிள்

1. நாலு காரணம்

என் முதலாளி ராஜசேகரிடம், நாங்கள் செய்துகொடுத்த கன்ட்ரோல் பெட்டி ஒன்று நின்றுபோனால் சொல்வதற்கு நாலு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும்: உப்புக் காற்று, கரண்ட், தூசி, ஆபரேட்டர். தான் எழுதிய நிரல் மட்டும் அந்தப் பட்டியலில் வரவே வராது. திருவொற்றியூரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பதினாறு வருடமாக அங்கே, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர்கள் எழுதுகிறேன். ஒரு கருவியை இயக்க இயங்குதளத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும் நிரலுக்குத்தான் நாங்கள் டிரைவர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் சொல்லப்போகும் பெட்டி எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் இருக்கிறது. ட்ரெய்லர் எடை மேடையில் ஏறும். பெட்டி எடையை எடுத்து, முன் கண்ணாடியில் ஒட்டிய டேக்கை ரீடர் மூலம் படித்து, இரண்டும் சரியாக இருந்தால் பேரியரைத் தூக்கும். போன மழைக்காலத்தில் இது வாரத்துக்கு இரண்டு தடவை அப்படியே உறைந்து நின்றது. கரண்டை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் பின்னால் இருபது வண்டி நின்று ஹாரன் அடிக்கும்.

ராஜசேகர் முதலில் உப்புக் காற்று என்றார். பெட்டிக்கு ரப்பர் சீல் போட்டோம். பிறகு கரண்ட் என்றார். யூபிஎஸ் மாற்றினோம். பிறகு தூசி என்று சொல்லி, ஒரு பெயின்ட் பிரஷ்ஷோடு என்னை அனுப்பினார். பொறியியல் படித்துவிட்டு நான் பெட்டிக்கு ஒட்டடை அடித்தேன்.

அப்புறம் யார்டு மேனேஜர் ஒரு மெயில் போட்டார். நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் கேட்டில் இருந்தது தேவகியின் ஷிப்ட்டாம். கேட் ஆபரேட்டர் தேவகி கான்ட்ராக்ட்டில் வேலை செய்பவர். பெட்டி தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். பெட்டி உறைவதற்கு ஒரு நொடி முன்னால் ரீடரின் கேபிள் பிடுங்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு தடவையும்.

ராஜசேகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, அந்தம்மா கேபிளைப் புடுங்கி விளையாடுது. ஆபரேட்டர் எரர்னு ரிப்போர்ட் அடி. திங்கக்கிழமை அனுப்பணும்."

"அனுப்பினா அந்தம்மாவை எடுத்துருவாங்க சார்."

"அது அவங்க பிரச்சனை."

மேனேஜர் மெயிலிலேயே எழுதியிருந்தார்: எங்கள் ரிப்போர்ட் அப்படிச் சொன்னால் தேவகியின் கான்ட்ராக்ட்டை நீட்டிக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

2. ஆடாத கல்லு

எனக்கு ஒரு சின்னப் பிடிவாதம் உண்டு. கேபிளைப் பிடுங்கினால் செத்துப்போகும் கர்னலை வைத்துக்கொண்டு பிடுங்கியவரைத் திட்டுபவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன். டேக் படிக்கவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள் என்று பூத்தில் ஒட்டியிருந்த தாளே எங்கள் கம்பெனி அச்சடித்ததுதான். மற்ற ஷிப்ட்காரர்கள் அதை மதிக்காமல் மேனுவல் பட்டனை அமுக்கி வண்டியை விட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகி ஒருவர்தான் தாளில் இருந்ததைச் செய்தவர்.

லேபில் சின்ன எடை மேடை ஒன்று இருக்கிறது. அதன்மேல் இருபது கிலோ படிக்கல். கூட வேலை செய்யும் நசீர் கேபிளைப் பிடுங்கினான், செருகினான், மறுபடி பிடுங்கினான். மத்தியானம் வரை பெட்டி ஜம்மென்று ஓடியது.

"மாமு, கல்லு ஆடாது. வண்டி ஆடும்ல?" என்றான் நசீர்.

எனக்கு உறைத்தது. எடை மாறும்போதுதான் எடை டிரைவர் ஒரு வேலையைக் கர்னலின் கியூவில், அதாவது காத்திருக்கும் வரிசையில், போடும். கல்லின் எடை மாறப்போவதில்லை. ஆறு வருடமாக இந்தப் பெட்டியை ஆடாத கல்லை வைத்து டெஸ்ட் செய்து சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறோம். வெட்கக்கேடு.

"நீ ஏறி நில்லு மாமு. நம்ம ஆபீஸ்லயே உனக்குத்தான் வெயிட்டு கீது."

ஏறினேன். வலதும் இடதுமாக ஆடினேன். நசீர் கேபிளைப் பிடுங்கினான். மூன்றாவது தடவை திரை உறைந்தது. நான் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டேதான் இருந்தேன். எடை எண் அசையவில்லை.

3. அந்த ஒரு வரி

பிறகு வேலை சுலபமாகிவிட்டது. உடனே செய்ய முடியாத வேலைகளைப் போட்டுவைக்கக் கர்னலில் ஒரு பொதுக் கியூ இருக்கிறது. எல்லா டிரைவர்களும் அதில் போடலாம். எங்கள் பெட்டியில் எடையும் டேக்கும் சேரும் பட்டியலுக்கு ஒரு லாக், அதாவது பூட்டு, உண்டு. அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பட்டியலைத் தொடலாம்.

ரீடர் கேபிள் பிடுங்கப்பட்டதும் ஓடும் பகுதி முதலில் லாக்கை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, பொதுக் கியூவில் உள்ள எல்லா வேலையும் முடியட்டும் என்று காத்திருந்தது. கியூவில் நின்றது எடை டிரைவரின் வேலை. அந்த வேலை முடிய அதே லாக் வேண்டும்.

தெருப் பம்பின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் தண்ணீர் பிடித்து முடித்தால்தான் விடுவேன் என்று ஒருவர் நின்றால் என்ன ஆகும்? கைப்பிடி கிடைத்தால்தானே மற்றவர்கள் தண்ணீர் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் சாகும்வரை நிற்க வேண்டியதுதான். டெட்லாக் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம், விஷயம் இவ்வளவுதான்.

வயிறு எரியும் சங்கதி இனிமேல்தான். கர்னல் இதை எங்களிடம் சொல்லியிருந்தது. பொதுக் கியூ முழுதும் காலியாகக் காத்திருக்காதே என்று நிரலைக் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கை வந்திருக்கிறது. லாக்குகளைக் கண்காணிக்கும் சோதனையை ஓடவிட்டிருந்தால் எந்த லாக், எந்தக் கியூ என்று அச்சடித்தே கொடுத்திருக்கும். எச்சரிக்கையை மறைத்து, சோதனையை அணைத்து வைத்திருந்தார்கள். யார் என்று பழைய பதிவுகளில் பார்த்தேன். ராஜசேகர். அந்த ஒரு வரியும் அவருடையது. பக்கத்தில், 'பாதுகாப்புக்காக' என்று ஒரு குறிப்பு வேறு.

திருத்தம் எட்டு வரிகூட இல்லை. அடுத்தவன் வேலை முடிய நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம்முடைய வேலையை மட்டும் ரத்து செய்து, அது முடியும்வரை காத்திருந்தால் போதும். அதையும் லாக்கை எடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். ரீடருக்குத் தனிக் கியூ ஒன்றும் போட்டேன். மறுபடி மேடையில் ஏறி இடுப்பு வலிக்கும்வரை ஆடினேன். பெட்டி நிற்கவில்லை.

ராஜசேகர் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"சரி, போட்டுடு. ரிப்போர்ட்ல இதெல்லாம் வேணாம். ஆபரேட்டர் எரர், கூடுதல் பாதுகாப்புக்கு அப்டேட் தர்றோம்னு எழுது. இல்லன்னா வாட்ச்டாக் போடு, தொங்கினா தானா ரீபூட் ஆவட்டும்."

"ரீபூட் ஆனா பேரியர் கீழ எறங்கும் சார். அடியில வண்டி நிக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பியே."

இருந்தது. ரிப்போர்ட்டை நானே எழுதி, பிழை எங்களுடையது, ஆபரேட்டர் செய்தது எங்கள் தாளில் உள்ளது என்று முதல் வரியிலேயே போட்டு, கையெழுத்திட்டு, திங்கட்கிழமை காலையில் நேரில் கொண்டுபோனேன்.

4. கம்ப்ளெய்ன்ட் புக்

யார்டு மேனேஜர் இரண்டு தடவை படித்தார். தேவகியைக் கூப்பிடச் சொன்னார். நாற்பது வயது இருக்கும், யூனிபார்ம் கோட்டோடு வந்து நின்றார். கான்ட்ராக்ட் தொடரும் என்று மேனேஜர் சொன்னதும் அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார். எனக்கு மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். மேடை, ஆட்டம், கேபிள்.

தேவகி பாதியிலேயே நிறுத்தினார்.

"இதத்தான சார் நான் மொத நாளே எழுதி வச்சேன்?"

"எங்க எழுதினீங்க?"

"கம்ப்ளெய்ன்ட் புக்ல. எங்க எழுதச் சொன்னீங்களோ அங்கதான். ஒரு மாசமா வேல பூடும்னு பயந்துகினு கீறேன். ஒருத்தரும் என்னாண்ட வந்து இன்னா ஆச்சுன்னு கேக்கல."

போய் எடுத்து வந்தார். எங்கள் பெட்டியோடு நாங்களே கொடுத்த நோட்டு. திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'வண்டி மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போது ரீடர் கேபிளை எடுத்தால் மெஷின் நின்றுவிடுகிறது. வண்டி இல்லாதபோது எடுத்தால் நிற்பதில்லை. கவனிக்கவும். தேவகி.'

நான் லேபில் ஆடிக் கண்டுபிடித்தது அத்தனையும் அந்த இரண்டு வரியில் இருந்தது. அதன் கீழே, எங்கள் கம்பெனி சீலுக்குப் பக்கத்தில், 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ராஜசேகர் கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று மனசு எவ்வளவோ ஆசைப்பட்டது. பெயின்ட் பிரஷ்ஷோடு தூசி தட்டப் போன அன்று நான் போட்டது அது. நோட்டைத் திறந்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு மூடியிருக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

லாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள் என்பதை இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுத்துவிடும். பெட்டியோடு தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறவர் எழுதியதைப் படியுங்கள் என்பதை நான் இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.' எழுதிவிட்டு நோட்டைத் தேவகியிடம் நீட்டினேன்.

அவர் ஒரு எழுத்து விடாமல் படித்தார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

"தேதி போடல சார்."